வெட்டாத கத்தி



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவன் நான். அக்காலத்தில் வகுப்பறையில் நான் சொன்ன பிழைகள் எத்தனையோ இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை எனக்கே தெரியாமற் போயிருக்கும். ஒரு பிழை மட்டும் மறுநாளே அகப்பட்டுவிட்டது. எட்டாம் வகுப்பில் காந்தத்தைப் பற்றிய பாடம். “எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது” என்று சொல்லி, மேசைமேலிருந்த குவளையில் காந்தத்தை வைத்துக் காட்டினேன். காந்தம் நழுவி விழுந்தது, வகுப்பு மகிழ்ந்தது. மறுநாள் காலையில் கடைசி வரிசை மாணவன் ஒருவன், தன் தாயார் காய் நறுக்கும் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் முன் வைத்தான். “சார், இதுவும் எவர்சில்வர்தான். துருவே பிடிக்காது என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்” என்றான். காந்தத்தை அருகிற் கொண்டு சென்றேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“பிறகு சொல்கிறேன்” என்று கூறி அவனை அனுப்பிவைத்தேன். ஆசிரியர்கள் இச்சொற்களை எப்போது சொல்வார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு செய்தி தெளிவாயிற்று. நாம் எவர்சில்வர் என்று ஒரே பெயரால் அழைப்பது ஒரே உலோகம் அன்று. குவளைக்கு ஏற்ற எஃகு வேறு. கத்திக்கு ஏற்ற எஃகு வேறு. கத்திக்கு ஏற்றதிலுங்கூட, அதைக் காய்ச்சும் முறை தவறினால் கத்தி வெட்டாது. அம்மட்டோ? துருவும் பிடிக்கும்.

இதனை விளங்கிக்கொள்ள, முதலில் இரும்பின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். இரும்பின் அணுக்கள் ஒழுங்கான சிறுசிறு கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அணுக்கள் இருக்கும். நட்டநடுவில் ஓர் அணு இருக்கும். இந்த அடுக்கில், கார்பன் என்னும் கரிப்பொருளின் அணு புகுந்து தங்குவதற்கு இடம் இல்லை என்றே சொல்லலாம். இரும்பை நன்கு சூடேற்றினால் அடுக்கு மாறுகிறது. நடுவில் இருந்த அணு நீங்க, ஆறு முகங்களின் மையங்களிலும் அணுக்கள் அமர்கின்றன. இப்புதிய அடுக்கில் கார்பன் தாராளமாகக் குடிபுகும். ராபர்ட்ஸ்-ஆஸ்டன் என்ற ஆங்கில அறிஞரின் நினைவாக இந்நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இவ்வாறு கார்பனை உட்கொண்ட எஃகைச் சடக்கெனக் குளிரவைத்தால் என்ன ஆகும்? அடுக்கு தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயல்கிறது. ஆனால், உள்ளே புகுந்த கார்பன் வெளியேறுவதற்குக் காலம் இல்லை. கூட்டம் நிரம்பி வழியும் பேருந்தில் நிற்பவர்கள் கையைக்கூட அசைக்க இயலாமல் இறுகி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல, அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. அந்த இறுக்கமே எஃகின் கடினம். ஜெர்மானிய அறிஞர் மார்ட்டென்ஸ் பெயரால் இதனை மார்ட்டென்சைட் என்பர். அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தொட்டி நீரில் கொல்லர் அமிழ்த்தும்போது ‘சொய்’ என்று ஓர் ஒலி எழுமே, அந்தக் கணத்தில் நிகழ்வது இதுதான். தோய்ச்சல் என்று அவர்கள் சொல்வது இதனைத்தான்.

குவளையின் புதிரும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. குவளை செய்யும் எஃகில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ப்பது பழைய வழக்கம். நிக்கலின் பெரும்பகுதிக்கு ஈடாக மாங்கனீசு சேர்ப்பதும் உண்டு. இவ்வுலோகங்கள், சூட்டில் மட்டும் இருக்கவேண்டிய அடுக்கை, எஃகு ஆறிய பின்னரும் மாறாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த அடுக்கிற்குக் காந்தத்தில் நாட்டமில்லை. அடுக்கு மாறாதாகையால் தோய்ச்சலும் ஏறாது. எத்தனை முறை காய்ச்சி நீரில் போட்டாலும் குவளை கத்தியாகாது. கத்தி எஃகில் நிக்கல் இல்லை, அல்லது மிகக் குறைவு. குரோமியமும் கார்பனும் இருக்கும். அதன் அடுக்கு சூட்டில் மாறிக் குளிரில் திரும்பும்; காந்தமும் பற்றும். அந்தச் சிறுவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இவ்வளவே.

ஆனால், விடையைத் தேடியபோது ஒரு மனிதரின் வரலாறு கிடைத்தது. அதனைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்பது பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர்போன நகரம். அங்கு உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1871-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹாரி பிரியர்லி. பன்னிரண்டு வயதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. எஃகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் புட்டிகளைக் கழுவும் வேலையில் சேர்ந்தார். இரவில் தாமே படித்தார். 1908-ஆம் ஆண்டில் பிரவுன்-ஃபர்த் ஆராய்ச்சிக்கூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1912-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலைக்கும் கத்திக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. துப்பாக்கிக் குழல்கள், வெடிமருந்தின் சூட்டினால் உட்புறம் அரித்துப் போயின. அரிக்காத எஃகு வேண்டும் என்பதே கோரிக்கை.

குரோமியத்தை எஃகிற் கலக்கலாம் என்பது அப்போதே பழைய செய்தி. மைக்கேல் ஃபாரடே 1819-இல், இந்தியாவிலிருந்து சென்ற ஊட்ஸ் எஃகைப் பகுத்து ஆராய்ந்தார். நம் நாட்டு உருக்கின் அந்த மேன்மைக்குக் காரணம் யாதென்ற வியப்பே, பல உலோகங்களை எஃகிற் கலந்து பார்க்கும்படி அவரையும், ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரையும் தூண்டிற்று. அவ்வாறு அவர்கள் கலந்தவற்றுள் குரோமியமும் ஒன்று. மின்சாரத்தின் தந்தை என நாம் போற்றும் ஃபாரடே, கொல்லுலை முன்னும் நின்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

பிரியர்லி 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் வார்த்த எஃகில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு கார்பனும் இருந்தன. எஃகின் உள்ளமைப்பை நுண்பெருக்கியில் காணவேண்டுமாயின், மெருகேற்றிய முகத்தைச் சிறிது அமிலத்தால் அரிக்கச் செய்வது வழக்கம். இந்த எஃகு அவ்வளவு எளிதில் அரிபடவில்லை. வேறொருவராயின் அதனை ஓர் இடையூறு என்று கருதி, கடுமையான அமிலத்தைத் தேடியிருப்பார். ஷெஃபீல்டில் பிறந்தவருக்கு வேறு நினைவு வந்தது. அந்நாளில் உணவு மேசைக் கத்திகள் எல்லாம் சாதாரண எஃகால் ஆனவை. பழச்சாறும் வினிகரும் பட்டால் கறுத்துவிடும்; ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னரும் அவற்றைத் தேய்த்துத் துடைப்பது பெருந்தொல்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் தீண்டாத எஃகு கைக்கு வந்திருக்கிறது. இனி அத்தொல்லை எதற்கு?

மேலதிகாரிகளுக்கு இதில் நாட்டம் உண்டாகவில்லை. பிரியர்லி அவ்வெஃகைக் கத்தித் தொழிலகங்கள் இரண்டிற்கு அனுப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே விடையைத் தந்தன: இது கத்திக்கு உதவாது. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் அவரை ஏளனம் செய்ததாகச் சொல்வர். தலைமுறை தலைமுறையாகக் கத்தி செய்த கைகள் அளித்த தீர்ப்பு அது. அத்தீர்ப்பு தவறு என்று பிரியர்லிக்குத் தெரியும். ஆனால், தவறு எங்கே?

பட்டறையில் தோய்ச்சல் கொடுப்பவர் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. உலையின் அரையிருளில் எஃகின் நிறத்தைப் பார்ப்பார். சாதாரணக் கத்தி எஃகிற்கு 760 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரை போதுமானது. நன்கு சிவந்த நிறம்; அதற்கு மேற்போனால் எஃகு கெட்டுவிடும் என்பது தந்தை மகனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. அந்த நிறம் அவர்கள் கண்ணில் ஊறிப்போயிருந்தது. புதிய எஃகையும் அதே நிறத்தில் எடுத்துத் தோய்த்தார்கள். புதிய எஃகிற்கோ ஏறத்தாழ 1000 டிகிரி வேண்டும். இருநூறு டிகிரி குறைவு. கண் பொய் சொல்லவில்லை. அது வேறோர் எஃகிற்குப் பழகிய கண்.

ஏன் இந்த இருநூறு டிகிரி? இங்கேதான் பொருளின் உயிர்நிலை இருக்கிறது. சற்றுக் கவனமாகக் கேளுங்கள். குரோமியத்திற்குக் கார்பன்மீது அடங்காத பற்று. இரும்பைக் காட்டிலும் விரைந்து அதனைப் பற்றிக்கொண்டு, குரோமியக் கார்பைடு என்னும் சிறு கடினத் துகள்களாக எஃகினுள் ஒதுங்கிவிடும். பட்டறைக்கு வரும் மிருதுவான தகட்டில் கார்பன் பெரும்பாலும் இப்படித்தான் அடைபட்டிருக்கிறது. 800 டிகிரியில் இத்துகள்கள் அசைவதே இல்லை எனலாம். அடுக்கினுள் கார்பன் புகாதபோது, எவ்வளவு விரைவாகக் குளிரவைத்தாலும் இறுக்கம் எங்கிருந்து வரும்? 1000 டிகிரியை ஒட்டிய சூட்டிலேதான் துகள்கள் போதிய அளவு கரைந்து, கார்பன் விடுபடுகிறது.

இது பாதிச் செய்தியே. துருவிலிருந்து காப்பதும் அதே குரோமியந்தான். எஃகின் முகத்தில் குரோமியமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை விரிக்கின்றன. கீறினால் தானே மீண்டும் விரிந்துகொள்ளும். ஆனால், இப்படலத்திற்கு உதவுவது கட்டுப்படாமல் இரும்போடு பரவலாகக் கலந்து நிற்கும் குரோமியம் மட்டுமே. கார்பனோடு கூடித் துகளாக ஒதுங்கிவிட்ட குரோமியம் இதற்குப் பயன்படாது. ஒரு பங்கு கார்பன், தன்னிலும் பன்மடங்கு எடையுள்ள குரோமியத்தைத் தன்னோடு கட்டிப்போடும். ஆகவே, துகள் கரையும்போது விடுதலை பெறுவன இரண்டு. கார்பன் விடுபட்டுக் கூர்மையைத் தாங்கும் கடினத்தைத் தருகிறது. குரோமியம் விடுபட்டுத் துருவை விலக்குகிறது. ஒரே வெப்பத்தில் இரண்டும் பிறக்கின்றன. அவ்வெப்பத்தை எட்டாத கத்தி இரண்டையும் இழக்கிறது. “துருப்பிடிக்காத எஃகு என்றார்கள், துருப்பிடித்துவிட்டதே” என்று வீட்டில் அம்மா குறைப்பட்டுக்கொண்டால், குறை எஃகின் கலவையில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, காய்ச்சியவரிடமும் இருக்கலாம்.

ஷெஃபீல்டுக்குத் திரும்புவோம். 1914-இல் பிரியர்லி, எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிலக மேலாளரைச் சந்தித்தார். அவர் முதலில் சில கத்திகளைச் செய்து பார்த்தார். எஃகு கறைபடாதது என்பதை ஒப்புக்கொண்டார்; ஆனால் தம் அச்சுகளையெல்லாம் பாழாக்கிவிட்டது என்று முறையிட்டார். சூட்டிலும் இவ்வெஃகு எளிதில் வளைந்து கொடுக்காது. இரண்டாம் முயற்சியில் கத்திகள் மிகக் கடினமாகி, நொறுங்கும் தன்மையோடு வந்தன. மூன்றாம் முறை பிரியர்லியையே பட்டறைக்கு அழைத்தார்கள். அவருக்குக் கத்தி செய்யத் தெரியாது. ஆனால் எந்த வெப்பம் வேண்டும் என்பது தெரியும். அம்முறை கத்திகள் சரியாக அமைந்தன. வினிகரில் இட்டுப் பார்த்த ஸ்டூவர்ட்தான் இதற்குக் ‘கறைபடாத எஃகு’ என்று பொருள்படும்படி ‘ஸ்டெயின்லெஸ்’ எனப் பெயரிட்டார். பிரியர்லி வைத்திருந்த பெயர் ‘துருப்பிடிக்காத எஃகு’. ஆங்கிலம் ஸ்டூவர்ட்டின் பெயரை ஏற்றுக்கொண்டது. தமிழோ, அறிந்தோ அறியாமலோ, பிரியர்லியின் பெயரையே பேணி வருகிறது.

பின்னர் உரிமை யாருக்கு என்ற பூசலில் பிரியர்லி 1915-இல் அந்த ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு விலகினார்; 1948-இல் மறைந்தார். அந்தப் பூசலுக்குள் நாம் போக வேண்டாம்.

இனி, இக்காலத்தில் கையாலேயே கத்தி செய்வோர் இதனை எவ்வாறு கையாளுகின்றனர் என்று பார்ப்போம். உலகின் பல பகுதிகளிலும் இதனைத் தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டவர்கள் இருக்கிறார்கள். சவர அலகுக்கென்று ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட எஃகு ஒன்று, அவர்களுக்கு மிகவும் உவப்பானது. அதில் குரோமியம் 13 பங்கு. கார்பன் முக்கால் பங்கிற்கும் சற்றுக் குறைவு. 440-சி எனப்படும் வேறொரு வகையில் குரோமியம் ஏறத்தாழ 17 பங்கும் கார்பன் ஏறத்தாழ ஒரு பங்கும் உண்டு. இதனையே எடுத்துக்கொள்வோம்.

தகட்டை வெட்டி, அரத்தால் உருவாக்கி, கைப்பிடிக்கான துளைகளையும் முன்னரே இட்டுவிட வேண்டும். தோய்ச்சலுக்குப் பின் துளைக்க முயன்றால் துளையூசிதான் வீணாகும். வாய்ப்புறத்தை மெல்லியதாக்கிவிடக் கூடாது. அரை மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் நிற்கட்டும். மெலிந்த விளிம்பு சூட்டில் நெளிந்துவிடும்.

திறந்த காற்றில் ஆயிரம் டிகிரிக்குக் காய்ச்சினால் மேற்பரப்பில் பொருக்குக் கட்டும். கார்பனும் மேலிருந்து எரிந்து போகும். ஆகையால் தாளைப்போல் மெல்லிய எஃகுத் தகட்டில் கத்தியைப் பொட்டலமாக மடித்து, ஓரங்களைக் காற்றுப் புகாதபடி மூடுகிறார்கள். உள்ளே ஒரு சிறு காகிதத் துண்டு. அது எரிந்து, பொட்டலத்தில் எஞ்சிய ஆக்சிஜனை உண்டுவிடும். எளிய உபாயம், எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு மின்சார உலை. 1010-இலிருந்து 1065 டிகிரி வரை என்பது 440-சிக்குரிய எல்லை. அந்த எல்லையை எட்டியவுடன் எடுத்துவிடலாகாது. துகள்கள் கரைவது சர்க்கரை கரைவதைப் போலக் காலம் வேண்டும் செயல். கால் மணி முதல் அரை மணி வரை அதே சூட்டில் கத்தி ஊற வேண்டும். நம் ஊர்க் கொல்லர்கள் சிலர் காந்தத்தைக் காட்டிப் பார்த்து, காந்தம் பற்றாமற் போனதும் தோய்ப்பார்கள். சாதாரண எஃகிற்கு அது நல்ல குறி. இங்கே அதுவும் ஏமாற்றும். காந்தம் பற்றாத நிலை வந்த பின்னரும் துகள்கள் கரையாமல் இருக்கும்.

‘குறைந்தால்தானே குற்றம், இன்னும் நூறு டிகிரி கூட்டிவிட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். அங்கும் ஓர் இடர் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கார்பனும் குரோமியமும் கரைந்துவிட்டால், அடுக்கு குளிரிலும் மாறாமல் ஆஸ்டினைட்டாகவே ஒரு பகுதி நின்றுவிடும். குவளைக்கு நேர்ந்த கதி கத்திக்கும் ஓரளவு நேர்கிறது! கூடுதலாகக் காய்ச்சியதால் கடினம் குறைகிறது. படிகங்களும் பருத்து எஃகு நொறுங்குந்தன்மை அடைகிறது.

தோய்ச்சலுக்கு நீர் வேண்டாம். குரோமியம் மிகுந்த எஃகில் மாற்றம் மெல்ல நிகழுமாகையால் எண்ணெய், ஏன், காற்றே போதும். பொட்டலத்தோடு எடுத்து, இரண்டு தடித்த அலுமினியப் பலகைகளுக்கிடையில் வைத்து அழுத்திவிடுகிறார்கள். பலகை சூட்டை விரைந்து வாங்கிக்கொள்ளும், கத்தியும் கோணாது. ஆறியபின் விளிம்பில் அரத்தை ஓட்டிப் பார்த்தால், கண்ணாடியின்மேல் ஓடுவது போல வழுக்க வேண்டும். கடித்தால், வேலை வீண்.

அறையின் வெப்பநிலைக்கு வந்த பின்னரும் மாறாத ஆஸ்டினைட் சிறிது எஞ்சும். சிலர் அதையும் மாற்றுவதற்காக, உலர் பனிக்கட்டியில் ஏறத்தாழ 75 டிகிரி பூச்சியத்துக்குக் கீழும், திரவ நைட்ரஜனில் 196 டிகிரி பூச்சியத்துக்குக் கீழும் கத்தியைக் குளிர்விப்பர்.

இந்நிலையில் கத்தி கடினமானது. ஆனால் கைதவறிக் கீழே விழுந்தால் கண்ணாடியைப்போல் உடையலாம். எனவே 150 முதல் 200 டிகிரி வரையுள்ள இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம் பதப்படுத்துவர். ரொட்டி சுடும் அடுப்பே இதற்குப் போதும். இங்கும் பழைய கண் ஏமாறும். சாதாரண எஃகு 230 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம் காட்டும். கொல்லர் அந்நிறம் வந்ததும் நிறுத்துவார். துருப்பிடிக்காத எஃகில் அந்நிறம் அதனினும் உயர்ந்த வெப்பத்தில்தான் தோன்றும். நிறத்துக்காகக் காத்திருந்தால் அளவு தப்பிவிடும். அதையும் தாண்டி 430-இலிருந்து 550 டிகிரி வரையுள்ள பகுதிக்குப் போய்விட்டாலோ, கரைந்த கார்பனும் குரோமியமும் மறுபடி கூடித் துகளாகும். கத்தி உடையவும் செய்யும், துருவும் பிடிக்கும். இறுதியாகச் சாணை பிடிக்கும்போதுகூட அடிக்கடி நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். விரல் பொறுக்காத சூடு விளிம்புக்கு வேண்டாம்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவரைச் சந்தித்தேன். கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். மூலையில் ஒரு மின்சார உலை இருந்தது. “சார், பிறகு சொல்கிறேன் என்றீர்களே” என்று சிரித்தார். நான் சொன்னேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும் என்பது எனக்குப் பாதியிலேயே விளங்கிவிட்டது. பிறகு, ஒரே தகட்டில் வெட்டிய இரு துண்டுகளை எடுத்து, ஒன்றை 800 டிகிரியிலும் மற்றதை 1050 டிகிரியிலும் எனக்காகவே காய்ச்சித் தோய்த்தார். இரண்டையும் மெருகிட்டு, உப்புத் தூவிய எலுமிச்சை வில்லை ஒன்றை ஒவ்வொன்றின் மேலும் வைத்தோம். அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன். விடிந்ததும் இருவரும் பட்டறைக்குப் போய் வில்லைகளை எடுத்துப் பார்த்தோம். ஒரு துண்டில் பழுப்புப் புள்ளிகள் வட்டமாகப் பூத்திருந்தன. மற்றதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.